திரை விழ ஒரு சொல்

19-1-40, வெள்ளி

பனி. ஏழரை மணிக்கும் பல்லவன் குளத்தின் எதிர்க்கரை தெரியவில்லை. தொண்டைக் கட்டு. நாளை சாயங்காலம் நாடகம், இன்றைக்குப் பார்த்துத் தொண்டைக் கட்டு. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டேன். வெந்நீர் கேட்டதற்கு மெஸ் ஆச்சி, "காலேசுப் பிள்ளைக்கு இருமலா? அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுருவமா?" என்றாள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை வெந்நீர் கேட்கவும் இல்லை.

இன்றைய வேலை:
செருப்பு வார் தைக்க.
ஆரோக்கியத்திடமிருந்து லாஜிக் நோட்டைத் திரும்ப வாங்க.
வேஷத்துக்குப் பஞ்சுத் தாடி வேண்டாம் என்று சொல்ல. சொந்தத் தாடியே இருக்கிறது.
லெ.யிடம் கடைசி வரியைப் பற்றி மறுபடி பேச.

லெ. என்பது லாஜிக் லெக்சரர். நாடகத்தை எழுதியவரும் அவரே. முழுப் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. அவ்வளவு மரியாதைக்கு அவர் இன்னும் எதுவும் செய்யவில்லை.

முதல் மணி லாஜிக். லெ. ஆஜர் எடுத்தார். "நாற்பத்தொன்று" என்றார். "எஸ் சார்" என்றேன். பின் பெஞ்சில் சிரிப்பு. ஜூலையில் சேர்ந்தேன், தை பிறந்துவிட்டது, இன்னும் சிரிப்பு. மெட்ரிக்குலேஷன் தனியாக உட்கார்ந்து எழுதித் தேறியவன் நான். இவர்களில் யாருக்கு டியூஷன் இல்லை?

"மனிதர் எல்லோரும் இறப்பவர். குப்பன் மனிதன். ஆகவே குப்பன் இறப்பான்." எழுந்தேன். "எல்லா மனிதரையும் பார்த்துவிட்டு வந்து சொன்னது யார் சார்?" லெ.க்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் வேலாயுதம், இது பரீட்சைக்கு வராது. உட்காருங்க." உட்கார்ந்தேன். கேள்வி உட்காரவில்லை.

ஆரோக்கியசாமி காதருகில்: "பெரியப்பா, குப்பன் கெடக்கட்டும். சாயங்காலம் ரிகர்சல்ல இந்த மனுசன் நம்மள உசுரோட விடுவாரா?" ஆவூர்ப் பையன். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். கல்லூரியில் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் என்னோடு சேர்ந்து சிரிக்கிறவன் இவன் ஒருவன்தான்.

மாலை ரிகர்சல். கதையை எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லாதிருக்க. மேலூர்க் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. கீழூர் காய்கிறது. மேலூர்ப் பெரியவர் கரையை வெட்டித் தண்ணீர் விட மறுக்கிறார். இளவரசர் வந்து, "வானம் பொழிவது யாவர்க்கும். நீருக்கு ஊர் ஏது?" என்கிறார். உடனே பெரியவர் கைகூப்பி, "தோற்றேன், இளவரசே!" என்கிறார். திரை.

பெரியவர் நான். இளவரசர் சிதம்பரம், திருவரங்குளத்துப் பையன், நல்ல குரல், அது நல்ல குரல் என்பதும் அவனுக்குத் தெரியும். திரைக்கயிறு ஆரோக்கியத்திடம். 'தோற்றேன்' என்ற சொல் காதில் விழுந்தால்தான் கயிற்றை விட வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு.

லெ.யிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று: மடையைத் திறந்தால் தண்ணீர் போகும், கரையை எவனும் வெட்ட மாட்டான். "நாடகத்துக்கு வெட்டினால்தான் வேகம்" என்றார். அவர் மடையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது என் முடிவு. இரண்டு: மண் சுமந்து கரை போட்ட ஊர்க்காரன் இந்த ஒற்றை வரிக்காகத் தோற்பானா? பெரியவருக்கு ஒரு மறுமொழி வேண்டும். இளவரசர் அதற்கு ஒரு பதில் சொல்லட்டும். பிறகு தோற்கிறேன்.

"எழுதியதை மட்டும் பேசுங்க. இது உங்க ஸ்பெஷல் நாடகம் இல்லை."

உங்க. இந்த 'உங்க'வைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சிதம்பரம்: "பெரியவரே, ஒரே வார்த்தை. தோற்றேன். சொல்லிட்டா ஒங்க பல்லு ஒண்ணும் கொட்டிராது." "என் பல் எனக்குத் தெரியும், நீ உன் மீசையைப் பார்" என்றேன். ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்ல முடியாதென்றால் வேஷத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்" என்றார் லெ. ஆரோக்கியம் குறுக்கே விழுந்தான்: "சொல்லுவாரு சார். நான் கவுத்த விடாம எங்கிட்டுப் போயிருவாரு?"

நான் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

'தோற்றேன்' என்ற சொல்லின் கதை இது. இளவயதில் நான் ஆடிய ஸ்பெஷல் நாடகத்தில் ரிகர்சல் கிடையாது. ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து வருவோம். எதிரே யார் நிற்கப்போகிறார் என்பது அரிதாரம் பூசும்போதுதான் தெரியும். கதை எல்லோருக்கும் தெரிந்தது, பேச்சு மட்டும் அன்றன்றைக்குப் பிறக்கும். மேடையில் எதிரெதிர் நின்று வாதம். கேள்வி கேட்கிறவனுக்கு ஒரு முறை உண்டு, எங்கும் எழுதி வைக்காத முறை: எதிராளி தடுமாறினால், கேள்வியின் கடைசியில் அவன் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்து அவன் ஏறிவருவான். கூட்டத்துக்குத் தெரியாது. மேடைக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதில், திருவரங்குளத்துத் திருவிழாவில் முனிவர் வேஷம். எதிரே ராஜபார்ட். "முனிவரே, நீர் சொல்வது எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?" என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஒப்பனையின்போது அவனிடம் நானே சொல்லியிருந்தேன். அவன் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா நின்றான். நானும் நின்றேன். ஆர்மோனியக்காரர் மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவன், "சாமியாரே, தோத்தேன்னு சொல்லிட்டு எறங்கும்" என்றான். சொல்லவில்லை. இறங்கி நடந்தேன். தாடியோடு புதுக்கோட்டை வரைக்கும்.

அதற்கப்புறம் அந்தச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை. அப்பனிடம் இல்லை, பெண்டாட்டியிடம் இல்லை. அவள் இருந்தவரை அதைச் சொல்லித்தான் சண்டை.

அதற்கடுத்த வருஷம் சர்வேயில் சங்கிலி பிடிக்கும் வேலை. சர்வே கல்லில் கண்ட எண்ணில் தொடங்கி, படத்திலிருந்த ஊர்ப் பெயர்களைப் பிடித்து, எழுத்துப் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. முப்பது வருஷம், கண்மாய் கண்மாயாக. அன்னவாசல் பக்கம் கோடை அளவையில் கண்மாய்க்குள்ளேயே மத்தியானச் சோறு. கரையை ஒட்டி உட்புறம் வரிசையாகக் குழிகள் இருக்கும், கரைக்கு ஊரார் மண் எடுத்த குழிகள். வெட்டிய பள்ளத்தில் ஈரம் இருக்கும், காலை நீட்டினால் குளுமை. நாடகத்துக்கு லெ. வரையச்சொன்ன பின்திரைக் கண்மாயில் ஒரு குழிகூட இல்லை. சொன்னேன். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

செருப்பு தைக்கவில்லை.

20-1-40, சனி

பனி குறைவு. தொண்டை முக்கால் பங்கு தேவலை.

காலை இரண்டு மணி நேரம் வகுப்பு, மூன்றாவது மணி நாடகத்துக்காக ரத்து. இங்கிலீஷில் என்னை எழுப்பி ஒரு பத்தி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். உச்சரிப்பு என்னுடையது, அர்த்தம் சரியானது. சரித்திரம்: ராஜாக்களின் பட்டியல். யார் எந்தக் கண்மாய் வெட்டினார் என்று கேட்டேன். புஸ்தகத்தில் இல்லையாம்.

மத்தியானத்திலிருந்து மண்டபத்தில். எழுத வேண்டியது நிறைய, கை மெதுவாகத்தான் ஓடுகிறது. தென்னங்குருத்துத் தோரணம். யாரோ கல்யாண வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த ஜரிகைத் தலைப்பாகை இளவரசருக்கு. மேஜை மேல் அரிதாரம் குழைத்து வைத்திருந்தார்கள். அந்த வாசனை. மூக்கில் ஏறியதும் முப்பத்திரண்டு வருஷம் காணாமல் போனது. காஸ் விளக்கின் இரைச்சல், சாக்குப் படுதாவின் தூசி, ஆர்மோனியக்காரர் வெற்றிலையை மடித்துக்கொண்டே "தம்பி, இன்னைக்கு எந்தச் சுதி?" என்று கேட்பது. எல்லாம் அப்படியே. இன்றைக்கு எலக்ட்ரிக் விளக்கு. ஆனால் உதடு காய்வது அதேபோல.

ஆரோக்கியம் எனக்கு நெற்றியில் சுருக்கம் வரைய வந்தான். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "பெரியப்பா, எங்கிட்டு வரையறது? எடமே இல்லையே."

சிரித்துவிட்டேன். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

சிதம்பரம் தலைப்பாகையோடு ஓரமாக வந்து நின்றான். முகத்தில் நேற்றைய மிடுக்கு இல்லை. "பெரியவரே, எங்கப்பா வந்திருக்காரு. பஸ்ஸுல. முன் வரிசையில ஒக்காந்திருக்காரு."

"வரட்டுமே."

"அவருக்கு நாடகம்னாலே ஆகாது. கூத்தாடத்தான் காலேசுக்கு அனுப்பினேனான்னு வீட்டுல ஒரே சத்தம். இன்னைக்கு மட்டும் ஒண்ணும் இழுத்துராதீங்க. ஒரு வார்த்தைதானே?"

வாக்குக் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாகப் பதிகிறேன். வாக்குக் கொடுக்கவில்லை.

ஐந்தரைக்கு ஆரம்பம். முதல் மூன்று காட்சி பழுதில்லை. குடம் ஏந்திய பெண் வேஷக்காரனின் சேலை அவிழ்ந்தது, அவனே கட்டிக்கொண்டான், கைதட்டல் அதற்குத்தான் அதிகம். கடைசிக் காட்சி.

சிதம்பரம் கணீரென்று: "வானம் பொழிவது யாவர்க்கும்! நீருக்கு ஊர் ஏது, பெரியவரே?"

கைகூப்ப வேண்டிய இடம். கை எழும்பவில்லை. நான் திட்டம் போட்டு வரவில்லை. வாய் திறந்தது, வேறு வந்தது.

"வானம் எல்லாருக்கும் பெய்யட்டும் இளவரசே. தண்ணி ஒங்களுது. மொண்டுக்கிட்டுப் போங்க. கரை எங்களுது. அதை விட்டுட்டுப் போங்க."

மண்டபம் குலுங்கியது. பின்னாலிருந்து, "அப்படிக் கேளுய்யா!" மேடையோரம் ஒரு பக்கத்துத் தட்டி மறைவில் லெ. நாடகப் புஸ்தகத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். மறு பக்கத்தில் ஆரோக்கியம், கையில் கயிறு, வாய் திறந்தபடி. சிதம்பரம் லெ.யின் புஸ்தகத்தைப் பார்த்தான். அதில் அடுத்த வரி கிடையாது. அவனுக்கும் அது தெரியும்.

சிரிப்பு அடங்கியது. அவன் நின்றான். முன் வரிசையில் துண்டை உருட்டி மடியில் வைத்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் அப்பா. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. இங்கே ஆர்மோனியம் கூட இல்லை.

கிட்டப் போனேன். "என்ன இளவரசே, பேச்சையே காணோம்? கரை சும்மா மொளச்சு வந்துச்சா? மண்ணு! கூடை கூடையா மண்ணு! இந்த முதுகு சுமந்த மண்ணு!" திரும்பி முதுகைக் காட்டினேன். மறுபடி அவன் முகத்துக்கு நேரே, மெதுவாக: "மண்ணு, இளவரசே."

அந்தச் சொல்லைப் பிடித்தான்.

"மண்ணா?" இளவரசரின் குரல் போய்விட்டது, திருவரங்குளத்துக் குரல். "எந்த மண்ணு, பெரியவரே? கீழூர் மேட்டை வெட்டித்தானே சுமந்தீக? முதுகு ஒங்களுது. மண்ணு எங்களுது. முதுகைத் தூக்கிக்கிட்டுப் போங்க, மண்ணை விட்டுட்டுப் போங்க!"

கூரை பறந்தது என்றே சொல்ல வேண்டும். இளவரசன் எப்போது கீழூர்க்காரன் ஆனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா எழுந்து நின்று துண்டை மேலே வீசினார். அது பின் வரிசையில் யார் தலையிலோ விழுந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தட்டியிலிருந்து ஆரோக்கியம், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, நாலு வரிசைக்குக் கேட்கும்படி: "சொல்லுங்க பெரியப்பா. கை வலிக்குது."

"தோற்றேன்" என்றேன்.

'இளவரசே' சேர்த்தேனா, நினைவில்லை. திரை பாதியில் சிக்கி, ஆரோக்கியம் உதறி, பிறகு விழுந்தது.

முப்பத்திரண்டு வருஷம். ஏன் சொன்னேன் என்று இன்று எழுத வரவில்லை.

21-1-40, ஞாயிறு

நல்ல வெயில். தொண்டை சுத்தம்.

மெஸ்ஸில் இட்லி, கொத்தமல்லித் துவையல். ஆச்சி கேட்காமலே வெந்நீர் வைத்தாள். "தோத்த ஆளுக்கு ரெண்டு இட்லி கூட" என்றாள். எடுத்துக்கொண்டேன். எதிர் இலைக்காரர் பத்திரிகையில் யுத்தச் செய்தி படித்துச் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் கண்மாயைப் பற்றியே பேசினார்கள். தாசில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மேலூர் பக்கம். இன்னொருவர் கீழூர் பக்கம். சாம்பார் ஆறிப்போயிற்று.

கோயில் பூசை முடிந்து ஆரோக்கியம் பத்து மணிக்கு வந்தான், தலை வாரி, வெள்ளைச் சட்டை. கூடவே சிதம்பரம், மீசை ஒட்டிய இடம் சிவந்து. மூன்று பேருமாகக் குளத்துப் படிக்கட்டு. என் துணி துவைத்தேன். பையன்கள் துவைக்கவில்லை, துவைத்ததாகச் சொன்னார்கள்.

"எப்புடி மடக்கினேன் பெரியவரே?" என்றான் சிதம்பரம். இன்று காலையிலிருந்து நாலாவது தடவை.

"ஒழுங்காகத்தான் மடக்கினாய்."

"அந்த 'மண்ணு' எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அப்புடியே வாயில வந்து நின்னுச்சு!"

"வரும்" என்றேன்.

"எங்கப்பா ராத்திரி ஒரு வார்த்தை திட்டல. ஒங்களைப் பத்தித்தான் பேச்சு. 'அந்தப் பெரிய மனுசன் எம்புட்டு நல்லா தோத்தாரு பாத்தியா'ன்னாரு."

ஆரோக்கியம் படியில் உருண்டு உருண்டு சிரித்தான். "பெரியப்பா, இதை ஒங்க டிகிரிக்குப் பக்கத்துல எழுதிக்கலாம். நல்லா தோத்தவர்."

அப்பனிடமும் பெண்டாட்டியிடமும் சொல்லாத சொல் இப்போது குளத்தங்கரையில் கிடந்து புரள்கிறது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வந்தது வேறு. நாடகம் முடிந்த மறுநாள் காலை, முகத்தில் அரிதாரம் அரைகுறையாகப் போகாமல், ஆர்மோனியக்காரரோடு ஏதாவது ஓர் ஊர்க் குளத்தில் உட்கார்ந்திருப்போம். முந்தின நாள் யார் யாரை மடக்கினார் என்று பேசிப் பேசி வெயில் ஏறிவிடும். தோற்றவனும் சிரிப்பான். அதை மறந்தே போயிருந்தேன். திருவரங்குளத்தை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு மீதி நூறு ஊரைத் தொலைத்திருக்கிறேன்.

மத்தியானம் சிதம்பரம் வீட்டிலிருந்து வந்த சீடையும் அதிரசமும். ஓர் அதிரசம் எனக்கென்று அப்பா தனியாகக் கட்டிக் கொடுத்தாராம். ஆரோக்கியம் அதில் பாதியைத் தின்றுவிட்டான். பிறகு பரீட்சைப் பாடம், அரை மணி. பிறகு மூன்று பேரும் தூங்கிவிட்டோம்.

லாஜிக் நோட்டு இன்னும் அவனிடம்தான்.

22-1-40, திங்கள்

மேகம். மழை இல்லை. செருப்பு வார் அறுந்தே விட்டது, வெறுங்காலில் கல்லூரி.

லெ. வகுப்பு முடிந்ததும் நிறுத்தினார். வருத்தம் தெரிவித்து எழுத்து மூலம் கொடுக்க வேண்டுமாம். எழுதியதை மீறிப் பேசியதற்கு.

"கைதட்டல் வந்தது சார்."

"அது பிரச்னை இல்லை. எழுதியது எழுதியதுதான். எழுதித் தராவிட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கு வேஷம் கிடையாது."

எழுதித் தரமாட்டேன் என்றேன். எழுத்தை நானாகக் கற்றேன். எதை எழுதுவது என்பதும் என் இஷ்டம். வேஷம் போகட்டும். (போகக் கூடாது. ஆனால் போகட்டும்.)

மாலை வெளிவாசலில் சிதம்பரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஆரோக்கியம் இல்லை. ஏதோ கேட்க நினைத்து, செருப்பைப் பற்றிப் பேசினான். பிறகு:

"பெரியவரே, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நான் சொன்னதுக்கு நெசமாவே ஒங்ககிட்ட பதில் இல்லையா?"

"இல்லை" என்றேன்.

"சத்தியமா?"

"தோற்றேன் என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னேனே, அப்புறம் என்ன சத்தியம்?"

அவன் முகம் மலர்ந்தது. தலைப்பாகை இல்லாமலே இளவரசன் போல நடந்துபோனான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில் அப்போதே வாயில் இருந்தது. கரை மண்ணை எந்த ஊரிலும் கண்மாய்க்கு உள்ளேயிருந்துதான் வெட்டி எடுப்பார்கள். அந்தக் குழிகளில் உட்கார்ந்து முப்பது வருஷம் சோறு தின்றவன் நான். கீழூர் மேட்டிலிருந்து ஒரு கூடை மண் போனதில்லை.